நுரை அடங்காத தொட்டி

வரும் திங்கட்கிழமை முதல் என்னுடைய வீடுகளை நீங்கள் மூவரும் பிரித்துக்கொள்ளப் போகிறீர்கள். எந்தத் தொட்டி எத்தனை லிட்டர், எந்த வீட்டு ஆர்.ஓ. தண்ணீரை நம்பலாம், எந்த வீட்டு நாயை நம்பக் கூடாது என்பதெல்லாம் நீல ஃபைலில் இருக்கின்றன. ஏழு வருடங்கள் இந்தத் திருப்பூரில் வீடு வீடாகப் போய் உப்புநீர் மீன்தொட்டிகளைப் பார்த்துக்கொண்டேன். இப்போது கடலோரத்தில் மீன்குஞ்சு வளர்க்கும் பண்ணை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. ஃபைலில் எந்தத் தலைப்பின் கீழும் அடங்காத ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மீன் திடீரென்று செத்துப்போனால் போன் பெரும்பாலும் காலையில் வரும். இரவில் விளக்கை அணைத்தவர்கள் காலையில்தான் பார்ப்பார்கள். எல்லோரும் சொல்லும் முதல் வாக்கியம் "நேத்து நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்பதுதான். அதை நம்புங்கள். பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

இதற்காக நான் பதினொரு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். கரண்ட் போனதா, உப்பின் அளவு மாறியதா, வீட்டில் பெயின்ட் அடித்தார்களா, கொசு மருந்து அடித்தார்களா என்று போகும். பல்லடத்தில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் வீட்டில் இரண்டு முறை மீன்கள் கொத்தாகச் செத்தன. பட்டியலின் முதல் கேள்வியிலேயே காரணம் கிடைத்துவிட்டது. வீட்டு இன்வெர்ட்டரில் டி.வி. இருந்தது, ஃப்ரிட்ஜ் இருந்தது, தொட்டியின் விளக்கும் இருந்தது. பம்ப் மட்டும் இல்லை. கரண்ட் போன ஒவ்வொரு முறையும் மீன்கள் நல்ல வெளிச்சத்தில் மூச்சுத் திணறிச் செத்திருக்கின்றன. "வெளிச்சம் இருந்தா பயப்படாதுன்னு நெனச்சனுங்க" என்றார் அவர். பிறகு தானே ஸ்டூல் போட்டு ஏறி பிளக்கை மாற்றினார்.

அந்த நாளுக்குப் பிறகு பட்டியல் மீது எனக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை வந்துவிட்டது. இனிச் சொல்லப் போவது அதன் விளைவு.

காங்கேயம் ரோட்டில் கீதாமணி மேடம் வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பனியன் கம்பெனியைத் தானே நடத்துகிறார். ஹாலில் இருக்கும் ஐந்தடித் தொட்டியும் அவருடைய ஆசைதான். அப்போது அதில் ஒரு ஜோடி க்ளவுன் மீன்கள், ஒரு நீல டேங் மீன், மண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கும் ஒரு கோபி, ஐந்து வருடமாக அங்கேயே வளர்ந்த ஒரு மஞ்சள் டேங் ஆகியவை இருந்தன. வேலை முடிந்து வந்ததும் மேடம் அந்த மஞ்சள் மீனுக்கு முன்னால் நாற்காலி போட்டுக் காபி குடிப்பார். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் மரகதம் அக்கா. பதினைந்து வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவர். முழங்கால் ஒத்துழைக்காததால் வீட்டு வேலைக்கு வந்துவிட்டார்.

ஒரு புதன்கிழமை வழக்கமான சர்வீசுக்குப் போனேன். தொட்டிக்கு அடியில் அலமாரிக்குள் இருக்கும் சம்ப் என்னும் சிறு தொட்டியில், தண்ணீர் முதலில் வந்து விழுகிற வடிகட்டும் பையை நாம் சாக்ஸ் என்கிறோம். அது வளையத்தோடு ஒட்டும் இடத்தில் கிழிந்திருந்தது. வேனில் மாற்று சாக்ஸ் இல்லை. நம் கடையிலும் தீர்ந்திருந்தது. வேனில் இருந்தது ஒரு கட்டு பனியன் வேஸ்ட்.

இந்த ஊரில் எதைத் துடைப்பதற்கும் பனியன் வேஸ்ட்தான். மெக்கானிக் கை துடைப்பதும் அதில்தான், டீக்கடையில் டேபிள் துடைப்பதும் அதில்தான். வேனில் நாம் எப்போதும் வைத்திருப்பது பழைய பனியன்கள், பலமுறை துவைத்தவை. அந்த வாரம் அது தீர்ந்துபோனதால், தெருவில் இருக்கும் கட்டிங் யூனிட்டில் கேட்டு புது வெள்ளைத் துண்டுகள் ஒரு கட்டு வாங்கி வந்திருந்தேன். வெள்ளைத் துணி, ஆகவே சாயம் இல்லை. பருத்தி, ஆகவே இழை உதிராது. நெருக்கமான பின்னல், ஆகவே நன்றாக வடிகட்டும். மூன்று காரணங்களையும் மனதுக்குள் வரிசையாக டிக் செய்தேன். ஒரு துண்டை இரண்டாக மடித்து வளையத்தில் கட்டினேன். படம் எடுத்து நம் குரூப்பில் போட்டேன். நான்கு பேர் கட்டை விரல் காட்டினார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேடமிடமிருந்து போன் வந்தது. அவர் கம்பெனியில் இருந்தார். அன்று சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் தரப்பிலிருந்து அதைச் சரிபார்க்க ஆள் வந்திருந்தார்.

"ஊட்ல ரெண்டு மீனு செத்துக் கெடக்குதாம்மா. மரகதம் போன் பண்ணுச்சு. ஒடனே போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். நீல டேங்கும் கோபியும் செத்திருந்தன. க்ளவுன் ஜோடி தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மஞ்சள் டேங் மூலையில் சாய்ந்திருந்தது. அலமாரியைத் திறந்தால், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் பொங்கி வழிந்து தரையெல்லாம் வெள்ளை நுரை. மரகதம் அக்கா ஒரு டவலைப் போட்டு அதைத் தடுத்து வைத்திருந்தார்.

நான் வேகமாக வேலை செய்தேன். வெப்பநிலை சரி. உப்பு சரி. அமோனியா இல்லை. கரண்ட் போகவில்லை, பம்ப் ஓடுகிறது. மீன்கள் மூச்சுத் திணறுகின்றன, நுரை பொங்குகிறது. அப்படியானால் சோப்பு வகை ஏதோ தண்ணீரில் கலந்திருக்கிறது. இது வரைக்கும் என் வேலையில் ஒரு தவறும் இல்லை. பட்டியலின் ஒன்பதாவது கேள்வி, வீட்டில் எதைக் கொண்டு எதைத் துடைத்தார்கள் என்பது. தலையைத் திருப்பினேன். அலமாரியிலிருந்து இரண்டடி தள்ளி, தரை துடைக்கும் ரோஸ் நிறத் திரவம் கலந்த பக்கெட் இருந்தது. மாப் அதில் சாய்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மேடம் மறுபடி அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தம்.

"என்னாச்சும்மா? சுருக்கமாச் சொல்லு, ஆளுக நிக்கறாங்க."

"சோப்புத் தண்ணி கலந்திருக்குங்க மேடம். தரை துடைக்கிற லிக்விட் மாதிரி தெரியுது."

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. பிற்பாடு பல நாள் எனக்கு நானே இதைச் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரே ஒருவர் தரை துடைக்கும் வீட்டில், தரை துடைக்கும் திரவத்தைச் சொல்வதும் அவர் பெயரைச் சொல்வதும் ஒன்றுதான்.

"மரகதத்துகிட்ட போனக் குடு" என்றார் மேடம். ஸ்பீக்கரை அணைக்க எனக்குத் தோன்றவில்லை. "மரகதம், தொட்டிப் பக்கம் பக்கெட்டக் கொண்டு போகாதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கறேன்?"

"பக்கத்துல வச்சனுங்க மேடம். உள்ள ஒரு சொட்டு உழுகலீங்க."

"அப்பறம் மீனு தானாச் செத்துச்சுங்களா? எனக்கு இப்பப் பேச நேரமில்லீங்க. சாவிய அந்தப் பொண்ணுகிட்டக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போயிருங்க. நாளைக்கு வர வேண்டாங்க."

அவ்வளவு மரியாதையாக ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தி நான் கேட்டதில்லை. மரகதம் அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சமையலறைக்குப் போய்த் தன் பையை எடுத்து வந்தார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"பாக்கி மீனு பொழைக்குமுங்களா அம்மிணி?"

"பாதித் தண்ணிய மாத்தினா சான்ஸ் இருக்குங்க அக்கா."

"நீங்க ஒருத்தரா எப்படி மாத்துவீங்க?"

பையைச் சோபாவின் மேல் வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். வேலை இல்லை என்று சொல்லப்பட்ட வீட்டில் ஒன்றரை மணி நேரம் அவர் என்னோடு தண்ணீர் இறைத்தார். வேனில் இருந்த உப்புத் தண்ணீர்க் கேன்களை நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தோம். படி வந்தால் மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றார்.

"பதினஞ்சு வருசம் செக்கிங்ல இருந்தனுங்க" என்றார் ஒருமுறை, கேனைக் கீழே வைத்துவிட்டு. "வெள்ளப் பீஸ்ல ஒரு கறை இருந்தா மொதல்ல எங்க டேபிளத்தான் புடிப்பாங்க. கறை எந்த மெஷின்ல வந்துச்சுன்னு அப்பறந்தான் பாப்பாங்க. பழக்கந்தானுங்க."

குறை சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்று இருந்தது.

பாதித் தண்ணீர் மாறிவிட்டது. தண்ணீரிலிருந்து அழுக்கை உறிஞ்சும் கார்பனும் புதிதாகப் போட்டாயிற்று. நுரை குறைந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் ஸ்கிம்மர் மறுபடி பொங்க ஆரம்பித்தது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். பக்கெட்டிலிருந்து ஒருமுறை தெறித்த திரவம் என்றால், பாதித் தண்ணீரை மாற்றிய பிறகு நுரை அடங்கிக்கொண்டே போக வேண்டும். திரும்ப ஏறுகிறது என்றால், சோப்பு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. எங்கிருந்தோ, இந்த நிமிடமும். அப்போதே என் முடிவு தவறு என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்த எண்ணமோ, அக்கா நிறையக் கொட்டியிருப்பார் என்பது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஒரு முடிவைச் சொன்ன பிறகு, வரும் தடயங்களையெல்லாம் அதற்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ள மூளைக்கு ஒரு நொடி போதும்.

சம்பில் கையை விட்டுப் பார்க்கலாம் என்று, வழியில் இருந்த சாக்ஸ் வளையத்தைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியைத் தேய்த்தார். பதினைந்து வருடம் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பீஸ்களைத் தொட்ட விரல்கள்.

"இது தொவைச்ச துணிங்களா அம்மிணி?"

"புதுசுங்க அக்கா. சுத்தமாத்தான் இருக்கு."

"புதுசுன்னாத்தானுங்க கேக்கறேன். சாஃப்ட்னர் போட்ட துணிங்க இது. கடைசியா மெதுமெதுன்னு இருக்கோணும்னு முக்கி எடுப்பாங்கல்லோ, அதுங்க. நாங்க தலையில கட்டிக்கறதுக்கு பிட்டு எடுத்துட்டுப் போனா, மொதோத் தண்ணில போட்டதும் வழவழன்னு நுரை வரும்."

நான் மீன்வளம் படித்தவள். துணியை மென்மையாக்கப் போடும் மருந்து மீனின் செவுளை என்ன செய்யும் என்று பரீட்சையில் எழுதச் சொன்னால் ஒரு பக்கம் எழுதுவேன். துணியில் அது இருக்கும் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை. சாயத்துக்குப் பயந்தேன். சாயம் இல்லாத வெள்ளையை நம்பினேன்.

வேனுக்கு ஓடினேன். அதே கட்டிலிருந்து ஒரு துண்டை ஒரு பாட்டில் ஆர்.ஓ. தண்ணீரில் போட்டுக் குலுக்கினேன். கழுத்துவரை நுரை நின்றது. இன்னொரு பாட்டிலில் என் பழைய கைக்குட்டையைப் போட்டுக் குலுக்கினேன். ஒன்றுமில்லை. நேற்றிலிருந்து தொட்டித் தண்ணீர் முழுவதும், திரும்பத் திரும்ப, நான் கட்டிய அந்தத் துணி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டு பாட்டில்களோடு உள்ளே வந்தேன். அக்கா பார்த்தார். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"உட்டுருங்க அம்மிணி" என்றார். "துணியத் தூக்கிப் போட்டுருங்க, நுரை நின்னுபோகும். சொன்னா உங்க வேலைக்கு ஏதாச்சும் ஆயிரும். எனக்கு வேற ஊடு கெடைக்கும்."

நான் பட்டியல் போடுகிறவள் என்று சொன்னேன் அல்லவா. அப்போதும் ஒன்று போட்டேன். மேடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறார், இப்போது சொல்வது முறையில்லை. மீதி மீன்களைக் காப்பாற்றுவது முதல் வேலை. எதற்கும் ஒருமுறை லேபில் தண்ணீரைச் சோதித்துவிட்டுச் சொல்லலாம். மூன்றும் நியாயமான காரணங்கள். மூன்றும் எனக்கு மட்டும் வசதியானவை. மாலைவரை நான் பொறுத்தால், அக்கா பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகத் தாராபுரம் பஸ் ஏறிவிடுவார். அதற்குள் கம்பெனி ஆட்கள் வீட்டு வேலைக்கு வேறு ஒருவரைப் பார்த்து அனுப்பிவிடுவார்கள்.

முதலில் நம் கடை முதலாளி பாய்க்குப் போன் செய்தேன். "பாய், ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தேன்.

"வீட்டுக்காரங்களுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலை."

"அப்ப எங்கிட்ட சொல்லாதம்மா. மொதல்ல அவங்ககிட்ட சொல்லு. எங்கிட்ட மொதல்ல சொன்னா, நான் யாவாரி, ஏதாவது ஐடியா குடுத்துருவேன்" என்று போனை வைத்துவிட்டார். அந்த மனிதரிடம் ஏழு வருடம் வேலை செய்ததற்கு நான் என்றும் நன்றியோடு இருப்பேன்.

துணியைக் கழற்றி, கார்பனை மறுபடி மாற்றி, காற்றுக் குழாயின் வேகத்தை அதிகப்படுத்திவிட்டு, அக்காவை அங்கேயே இருக்கச் சொல்லிக் கம்பெனிக்குப் போனேன். செக்கிங் ஹாலில் வெள்ளை விளக்குகளின் கீழ் நீள நீள டேபிள்கள். மேடம் ஒரு ஓரத்தில் பையரின் ஆளோடு நின்றிருந்தார். நான் வருவதைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். நான் பாட்டிலை நீட்டினேன்.

"மேடம், மரகதம் அக்கா ஒண்ணும் பண்ணலைங்க. தப்பு என்னுதுங்க. சாக்ஸ் கிழிஞ்சதுன்னு இந்தத் துணியக் கட்டினேன்."

அவர் பாட்டிலிலிருந்து துணியை எடுத்தார். மரகதம் அக்கா தேய்த்த அதே மாதிரி தேய்த்தார். அதே இரண்டு விரல்கள்.

"ஏம்மா" என்றார், பக்கத்து டேபிள்களுக்கும் கேட்கும்படி. "திருப்பூர்ல இருந்துட்டு பீஸத் தொவைக்காமப் போடுவியா? எங்க ஊட்டுக் கொழந்தைக்கே புதுத்துணியத் தொவைச்சுத்தான் போடறோம். மீனு என்ன, எக்ஸ்போர்ட் ரிஜெக்டா?"

டேபிளில் இரண்டு பெண்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். நான் நின்றேன்.

"மஞ்ச மீனு?"

"சந்தேகந்தானுங்க மேடம்."

அவர் துணியைப் பாட்டிலுக்குள் திணித்து என்னிடம் கொடுத்தார். பிறகு, "மீனுக்கு நீ பதில் சொல்லோணும். மரகதத்துக்கு நானல்லோ பதில் சொல்லோணும்" என்று போனை எடுத்தார். பையரின் ஆள் காத்துக்கொண்டிருந்தார்.

"மரகதம், நாந்தானுங்க. அவசரப்பட்டுப் பேசிப்போட்டனுங்க. மனசுல வச்சுக்காதீங்க. நீங்க போக வேண்டாங்க."

அந்தப் பக்கம் அக்கா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார். "செரிங்க" என்றார். மறுபடி "செரிங்க" என்றார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மரகதம் சாவி குடுத்தத ஊட்ல இருந்த டிரைவர் பாத்தாராம், சத்தத்துல வாட்ச்மேன் எட்டிப் பாத்தாராம், அவங்களுக்கும் சொல்லோணும்ங்கறா. நியாயந்தான். போய்ச் சொல்லு. சாயங்காலம் வந்து நானும் சொல்றேன்."

வீட்டு வாசலில் மரகதம் அக்கா நின்றிருந்தார். டிரைவரிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அவர் கார் துடைத்துக்கொண்டே கேட்டு, தலையாட்டி, "நான் அப்பவே நெனச்சேன்" என்றார். வாட்ச்மேன் பீகார்க்காரர். எனக்குத் தெரிந்த இந்தியைத் திரட்டி, "மச்லி மர் கயா. மேரா கல்தி. தீதி கா கல்தி நஹீ" என்றேன், மீன் செத்தது என் தப்பு, அக்கா தப்பு இல்லை என்னும் அர்த்தத்தில். அவர் என்னையே பார்த்தார்.

"நல்லாச் சொல்லுங்க அம்மிணி, அவருக்குப் புரியலையாட்ட இருக்குது" என்றார் அக்கா.

மறுபடி ஆரம்பித்தேன். பாதியில் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "ஓ. மீன நீங்கதான் கொன்னுட்டீங்களா" என்றார், சுத்தமான எங்கள் ஊர்த் தமிழில்.

"ஆமாங்க."

"செரிங்க" என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அக்கா அப்போதுதான் உள்ளே போனார்.

மஞ்சள் டேங் அன்று பிற்பகல் செத்துப்போனது. க்ளவுன் ஜோடி பிழைத்தது. அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மேடம் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அடுத்த புதன்கிழமையும் எனக்கே போன் செய்தார். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை எது என்று கேட்டால், அந்தப் போனைத்தான் சொல்வேன். தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் கண்டதும் சொல்லலாம். அது எங்கிருந்து வந்தது என்று சொல்வதற்கு முன் உங்கள் பையைக் கொட்டிப் பாருங்கள். கையில் நீங்கள் எடுத்துப் போன எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு, வேண்டுமானால் பக்கெட் பக்கம் தலையைத் திருப்புங்கள்.

திங்கட்கிழமை அந்த வீட்டுக்குப் போகிறவருக்குக் கதவைத் திறப்பவர் மரகதம் அக்காதான். வணக்கம் சொன்னதும், என்ன துணி கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று கேட்பார். எடுத்துக் கொடுங்கள். அவர் விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு வழி விடுவார். அதுவரை செருப்பைக் கழற்ற வேண்டாம்.